இருக்கறதைத்தான் சொன்னேன்

கடை இல்லை சார். நீங்களே நல்லாப் பாத்துக்குங்க. ஷட்டர் இருக்கா, போர்டு இருக்கா? ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி, அதுல நான் ஒருத்தன். மாசம் அம்பது யூனிட் ஓடின வீட்டுல எப்படி இருநூறு ஓடுதுன்னுதானே கேக்கறீங்க. மீட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்லை. ஓவன் ஓடுது, அதனால மீட்டர் ஓடுது. உள்ள வாங்க, காட்டறேன். செருப்போடவே வரலாம், தரையெல்லாம் மாவு.

இதுதான் ஓவன். மேல கை வெச்சிடாதீங்க, சூடு ஏத்தி வெச்சிருக்கேன். இருநூத்தம்பது டிகிரி. அதுக்கு மேல இந்த வீட்டு ஓவன்ல ஏறாது. அந்தப் பலகை மேல துணி போட்டு மூடியிருக்கு பாருங்க, அதுக்கடியில மூணு ரொட்டி இருக்கு. பகெத். நம்ம ஊர்ல நீட்டு ரொட்டின்னு சொல்லுவோமே, அது. உருட்டி வெச்சு ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் இருபது நிமிஷம் உப்பணும். அதுவரைக்கும் எனக்கும் வேலை இல்லை. உக்காருங்க. கரண்ட் ஆபீசுக்கு ரிப்போர்ட் எழுதணும்னா முழுசாக் கேட்டுக்கிட்டே எழுதுங்க.

பேரு என்ன சொன்னீங்க, மதியழகன். என் பேரு இஞ்ஞாசி. அப்படியே எழுதுங்க. போன தடவை வந்தவர் கார்டுல ‘இக்னேசி’ன்னு எழுதிட்டுப் போயிட்டார். நான் அடிச்சுத் திருத்தி வெச்சேன். அப்புறம் சார், தப்பா நினைக்காதீங்க, உங்க சட்டையில மூணாவது பட்டன் நூல் பிரிஞ்சு தொங்குது. சாயங்காலத்துக்குள்ள விழுந்துடும். குறை சொல்லலை. இருக்கறதைத்தான் சொன்னேன்.

அது எனக்கு வேலையாவே இருந்தது சார். முப்பத்தோரு வருஷம் பஞ்சாலையில துணி பாக்கற வேலை. தறியில நெய்ஞ்சு வர்ற துணிய ஒரு கண்ணாடிப் பலகை மேல இழுப்பாங்க. கீழ ட்யூப்லைட் எரியும். இழை விட்டிருக்கா, முடிச்சு விழுந்திருக்கா, எண்ணெய்க் கறை இருக்கான்னு பாத்து, இருந்தா சாக்பீஸால ஒரு வட்டம் போடணும். அவ்வளவுதான் வேலை. நல்லா இருக்கற துணியப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அது பாட்டுக்குப் போயிடும். எட்டு மணி நேரத்துல ஆயிரத்து ஐநூறு மீட்டர் பாப்பேன். நான் பாத்து அனுப்பின துணி ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லை. மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னார், இஞ்ஞாசி கண்ணு ஊசிக் கண்ணுன்னு.

சாக்பீஸ் எப்பவும் சட்டைப்பையில இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் இருக்கும். லெயோனி, அதாவது என் சம்சாரம், தரை பெருக்கினா ஒரு மூலையை விட்டுடுவா. வாயால சொன்னா அவளுக்கு முகம் சுருங்கிடும். அதனால நான் பேசாம அந்த இடத்துல ஒரு வட்டம் போட்டுடுவேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அவளும் பேசாம வந்து துடைச்சிடுவா. எத்தனை வீட்டுல புருஷன் பொண்டாட்டியைக் கை நீட்டறான், குடிச்சிட்டு வந்து கத்தறான். எங்க வீட்டுல ஒரு சத்தம் கேட்டிருக்க மாட்டீங்க. பக்கத்து வீட்டுல தையல் வேலை செய்யற கலான்னு ஒரு பொண்ணு இருக்கு, அதைக் கேட்டுப் பாருங்க.

ஒரே ஒரு தடவை அவ ஒரு மாதிரி நடந்துக்கிட்டா. மாதா கோயில் திருவிழா. நீலப் பட்டு கட்டிக்கிட்டு வாசல்ல கிளம்பி நிக்கறா. முந்தானையில, இந்தத் தோள் கிட்ட, ஒரு சின்னக் கறை. குழம்போ என்னவோ. நான் பாத்துட்டேன். பாத்தா கை சும்மா இருக்காது. டக்குனு ஒரு வட்டம் போட்டுட்டேன். உடனே நானே சொன்னேன், சாக்பீஸ்தானே, தட்டினா போயிடும், மாத்திக்கிட்டு வான்னு. அவ மாத்தவும் இல்லை, தட்டவும் இல்லை. அப்படியே வந்தா. பூசை முழுக்க அந்த வெள்ளை வட்டத்தோட முன் வரிசையில உக்காந்திருந்தா. நாலு பேர் கேக்கறாங்க, என்ன லெயோனி அதுன்னு. அவ, “அவர் போட்டது”ன்னு சொல்றா. எனக்குத்தான் சங்கடமாப் போச்சு. துடைச்சா போற விஷயத்தை இப்படி ஊர் முழுக்கச் சுமந்துக்கிட்டுத் திரியணுமா?

சரி, ரொட்டிக்கு வர்றேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, சில்வி. மாப்பிள்ளை பிரெஞ்சு குடியுரிமை உள்ள பையன். ரெண்டு பேரும் பிரான்சுல நாந்த்னு ஒரு ஊர்ல இருக்காங்க. சில்விக்குப் பிரசவம்னு நாலு வருஷம் முந்தி லெயோனி போனா. ஆறு மாசம்னு சொல்லித்தான் போனா. குழந்தை பிறந்துச்சு, பொம்பளப் பிள்ளை, எலோடின்னு பேரு. ஆறு மாசம் ஒரு வருஷம் ஆச்சு. குழந்தைக்குப் பல்லு முளைக்குதுன்னா, சில்வி வேலைக்குத் திரும்பப் போறான்னா, குளிர் முடியட்டும்னா. நியாயம்தான். குழந்தையை யாரு பாத்துக்கறது? அப்புறம் நீண்டகாலத்துக்கு அங்க இருக்கறதுக்கு ஒரு கார்டு வந்துடுச்சாம். சில்விதான் சொன்னா. நல்லதுதான்னேன். கார்டு இருந்தா வேணும்ங்கறப்ப வரலாம், போகலாம்.

அவ இங்க இருந்தவரைக்கும் காலையில சைக்கிள்ல ரொட்டி வரும். லெயோனி வாங்கி வெப்பா. நான் காபியில தோச்சுச் சாப்பிடுவேன். ரொட்டி வேகலைன்னா வேகலைன்னு சொல்லுவேன், அதுக்கு அவ என்ன பண்ணுவா, பாவம். அவ போனப்புறம் நான் வாங்கறதில்லை. ஒரு ஆளுக்கு ஒரு ரொட்டி மிஞ்சிப்போகுது.

போன ஜூலையில ஒரு நாள் வீடியோவில கூப்பிட்டேன். சில்வி போனை எடுத்துக்கிட்டு நேரா அடுப்படிக்குப் போயிட்டா. அங்க லெயோனி மாவு பெசையறா. முழங்கை வரைக்கும் மாவு. குழந்தை ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு அதுவும் ஒரு உருண்டையைப் போட்டு அடிக்குது. மூக்குல மாவு. லெயோனி சிரிக்கறா. தலையைப் பின்னாடி சாய்ச்சு, வாயைத் திறந்து சிரிக்கறா. எனக்கு அவதானான்னு சந்தேகம் வந்துடுச்சு. முப்பத்தெட்டு வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லை. போன் கேமராவுல சிலது பெருசாத் தெரியும்னு சொல்றாங்க.

சில்வி சொல்றா, “அப்பா, அம்மாதான் இப்ப வீட்டுக்கு ரொட்டி போடறாங்க. கடையில வாங்கறதே இல்லை. இப்ப எடுத்ததைப் பாருங்க”ன்னு ஒரு பகெத்தைத் தூக்கிக் காட்டறா. நல்ல நிறம். ஆனா மேல பிளேடால கீறி விடுவாங்க இல்லையா, அந்தக் கீறல் நாலு இருக்கு. மூணு ஒரே சாய்வு. நாலாவது கோணல். பாத்த உடனே தெரியுது. சொன்னேன். “கடைசிக் கீறல் கோணலா இருக்கே.” குறை சொல்லலை சார், இருக்கறதைத்தான் சொன்னேன். அப்பவே சொன்னா அடுத்த தடவை சரியா வரும்ல.

லெயோனி சிரிப்பை நிறுத்திட்டு கைய துணியில துடைச்சா. அப்புறம் போன் சுவரைப் பாத்துத் திரும்பிடுச்சு. வெள்ளைச் சுவரு. ரொம்ப நேரம் அதையே பாத்துக்கிட்டிருந்தேன், லைன் கோளாறுன்னு நினைச்சு.

அதுக்கப்புறம் அவ போன்ல வர்றது குறைஞ்சு போச்சு. குளிக்கறா, கடைக்குப் போயிருக்கா, தலைவலின்னு படுத்திருக்கா. சில்விதான் பேசுவா. நான் யோசிச்சேன். அவளுக்கு ரொட்டியில ஆசை வந்திருக்கு. திரும்பி வந்தா இங்க ஓவன் கிடையாது. அந்த ஒரு குறை இருக்கக் கூடாதுன்னு ஆகஸ்ட்ல இந்த ஓவனை வாங்கிட்டேன். சரி, வாங்கினதைச் சும்மா வெப்பானேன், அவ வர்றதுக்குள்ள நாமளே கத்துக்கலாம், கோணல் இல்லாம ஒரு ரொட்டி எப்படிப் போடறதுன்னு அவளுக்கும் காட்டலாம்னு ஆரம்பிச்சேன்.

ஒரு நிமிஷம் சார். விரலால லேசா அழுத்திப் பாக்கணும். இங்க பாருங்க, குழி விழுந்துச்சா? மெதுவா, பாதிதான் மேல வருது. டக்குனு எழும்பினா இன்னும் நேரம் வேணும். எழும்பவே இல்லைன்னா நேரம் தாண்டிப்போச்சு. இப்ப இது இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் கேக்குது.

இந்தத் துணி மில் துணி. சாயம் போடாத காடா. மாவைத் தூவி, நடுவுல நடுவுல மடிப்பு விட்டு, மடிப்புக்கு ஒண்ணா ரொட்டியைப் படுக்க வெச்சா அகலத்துல பரவாம மேல எழும்பும். ரொட்டி போடச் சொல்லிக் குடுக்கற வீடியோவுல அதுக்குன்னு ஒரு துணி சொல்றான். இதைவிட நல்ல துணி எங்க கிடைக்கும்? இதுல ஒரு இழை விட்டிருக்காது.

ஆரம்பத்துல என்ன பாடுபட்டேன்னு கேக்காதீங்க. அரைக் கிலோ மாவு, முந்நூத்தி முப்பது கிராம் தண்ணி, பத்து கிராம் உப்பு, ஒரு சிட்டிகை ஈஸ்ட். இவ்வளவுதான். அளவுல நான் ஒரு கிராம் தப்பு விட மாட்டேன். ஆனாலும் முதல் ரொட்டி கட்டை. ரெண்டாவது கட்டை. மூணாவதை வெளியில வெச்சா காக்கா கொத்திப் பாத்துட்டுப் போயிடுச்சு. என்னன்னு பாத்தா, வீடியோவுல ரெண்டு மணி நேரம் ஊறட்டும்னு சொல்றவன் குளிர் ஊர்க்காரன். நம்ம புதுச்சேரி சூட்டுல நாப்பது நிமிஷத்துல பொங்கிப் புளிச்சிடுது. அப்புறம் ஐஸ் தண்ணியில பெசஞ்சேன். இந்தக் குழாய்த் தண்ணி வேற உப்பு. கேன் தண்ணிக்கு மாறினேன். அப்பவும் உள்ள ஓட்டை ஓட்டையா வரலை, இட்லி மாதிரி அடைச்சுக்கிட்டு நிக்குது.

கடைசியில எதுதான் தப்புன்னு கண்டுபிடிச்சேன். என் கைதான். நான் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் துணியைத் தூக்கிப் பாத்துக்கிட்டிருந்தேன். பாத்தா சும்மா இருக்க முடியுதா? ஒரு பக்கம் வீங்கியிருந்தா அமுக்கறேன், கோணலா இருந்தா இழுத்து விடறேன். உள்ள சேர்ற காத்தெல்லாம் அதுல போயிடுது. மேல காத்துப்பட்டுத் தோல் கட்டிக்குது. அப்புறம் ஒரு நாள் துணியைப் போட்டு மூடிட்டு, கதவைச் சாத்திட்டு, கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்தேன். வந்து போட்டேன். அன்னைக்குத்தான் சார் முதல் ரொட்டி வந்துச்சு. நவம்பர். வெளியில எடுத்து வெச்சதும் மேல்தோலு படபடன்னு வெடிக்கற சத்தம். அதுவா பேசற மாதிரி. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். வீட்டுல வேற சத்தமும் இல்லையா, நல்லாக் கேட்டுது.

கலாகிட்ட ஒண்ணு குடுத்தேன். சாப்பிட்டுட்டு, “நல்லா இருக்குண்ணே”ன்னு சொல்லுது.

“என்ன குறை, அதைச் சொல்லு”ன்னேன்.

“ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருக்கு.”

“அடிப்பக்கம் ஒரு இடம் கருகியிருக்கு பாரு, அதைக்கூடச் சொல்ல மாட்டியா?”

அது ரொட்டியையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. “சாப்பிடக் குடுத்தீங்களா, பரீட்சை வெக்கக் குடுத்தீங்களா?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிடுச்சு. இப்ப குடுத்தா வாங்கிக்கும், ஆனா என் எதிர்ல சாப்பிடறதில்லை.

இருங்க, உள்ள வெச்சுடறேன். இது சவர பிளேடு. சாய்ச்சுப் பிடிச்சு, நாலு கீறல். பாத்தீங்களா, நாலும் ஒரே சாய்வு. கீழ் தட்டுல கொதிக்கற தண்ணி ஊத்தணும், ஆவி அடிச்சாத்தான் மேல்தோலு மினுமினுன்னு வரும். தள்ளி நில்லுங்க. ஆச்சு. இருபத்தஞ்சு நிமிஷம்.

ஜனவரியில லெயோனி வந்தா சார். அதைச் சொல்லாம விட்டா ரிப்போர்ட் முழுசா ஆகாது. நெல்லித்தோப்புல அவ தங்கச்சி வீடு. தங்கச்சி மகன் கல்யாணம். பதினேழு நாள் வந்தா. கல்யாண வீட்டுல கை உதவி வேணும்னு அங்கயே தங்கிட்டா. நான் கல்யாணத்துக்குப் போனேன். பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தா. என்னைப் பாத்துத் தலையாட்டினா. கூட்டத்துல என்னத்தைப் பேசறது?

வியாழக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வர்றேன்னு சொல்லி அனுப்பினா. நான் முந்தின நாளே மாவு பெசஞ்சு பிரிட்ஜ்ல வெச்சுட்டேன். வீடு துடைச்சேன், மூலை உட்பட. ரெண்டே முக்காலுக்கு ரொட்டி ஓவனை விட்டு வெளியில. அவ வாசல்ல இறங்கறப்ப இங்க படபடன்னு சத்தம் கேட்டுக்கிட்டிருக்கு. அந்த மாதிரிக் கணக்குப் பண்ணி வெச்சிருந்தேன்.

ஆட்டோவில வந்தா. ஆட்டோவை அனுப்பலை. “வெயில்ல எதுக்கு அந்த ஆளை நிறுத்தி வெக்கற, அனுப்பிடு, நான் கொண்டு விடறேன்”னேன். “இருக்கட்டும்”னு சொல்லிட்டா. முடியைத் தோளோட வெட்டியிருக்கா. நல்லாத்தான் இருந்தது. பின்னாடி மட்டும் இடது பக்கம் ஒரு விரக்கடை தாழ்ந்திருந்தது. சொன்னேன். கையைக் கொண்டு போய் அந்த இடத்தைத் தொட்டுப் பாத்தா. அப்புறம் கையை இறக்கிட்டா.

ஓவனைப் பாத்தா, துணியைப் பாத்தா, ரொட்டியைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. “நீங்களா போட்டீங்க?”ன்னா.

“பின்ன யாரு? சாப்பிட்டுப் பாரு.”

கத்தி எடுத்து வெச்சிருந்தேன். அவ கையாலயே பிச்சா. உதிரி எல்லாம் மேஜை மேல. “கத்தி இருக்கே, உதிரி விழுது பாரு”ன்னேன். கண்ணை மூடிக்கிட்டு மென்னா. நான் எதிர்ல உக்காந்து அவ வாயையே பாத்துக்கிட்டிருக்கேன். எதாவது ஒரு குறை சொல்லுவான்னு பாக்கறேன். சொன்னா நல்லா இருக்கும்னுகூட இருந்தது, ஏன்னு தெரியலை. அவ பாதி ரொட்டி சாப்பிட்டா. “நல்லா வந்திருக்கு”ன்னா. “எவ்வளவு நேரம் ஊற வெச்சீங்க?”

“நேத்துப் பெசஞ்சது. மத்தியானம் வெளிய எடுத்து, உருட்டி வெச்சு, அப்புறம் ஒரு ஒண்ணே கால் மணி நேரம்.”

“அவ்வளவு நேரமும் என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். சும்மா இருப்பேன்.”

“தொடாம?”

“தொடவே கூடாது லெயோனி. அதுபாட்டுக்கு விட்டாத்தான் வரும். தொறந்து தொறந்து பாத்து, இங்க சரியில்லை அங்க சரியில்லைன்னு கை வெச்சோம்னா எழும்பவே எழும்பாது. செத்துப்போயிடும்.”

அவ என்னைப் பாத்தா சார். “முடியுதா உங்களால?”ன்னு கேட்டா.

“ஏன் முடியாது? பழகிட்டேன்.”

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இந்த அடுப்படியில ஜன்னல் சின்னது, ஓவன் அனல் வேற. ஃபேனைத் திருப்பி வெச்சேன். நான் இவ்வளவு தூரம் கத்துக்கிட்டது அவளுக்குச் சந்தோஷம். அவளுக்குச் சந்தோஷத்தை வெளிய காட்டத் தெரியாது.

அப்புறம், “முப்பத்தொம்பது வருஷம்”னா.

“என்ன முப்பத்தொம்பது?”

“ஒண்ணுமில்லை. நமக்குக் கல்யாணம் ஆகி.”

“முப்பத்தெட்டு. ஜூன் வந்தாத்தான் முப்பத்தொம்பது.”

“ஆமா”ன்னா. “முப்பத்தெட்டுதான்.”

எழுந்து ரூமுக்குள்ள போனா. பீரோவில அவ ஞானஸ்நான சர்டிபிகேட், அவங்க அம்மா போட்டோ, அவ தையல் கத்தரிக்கோல், அந்த நீலப் பட்டு, எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துக்கிட்டா. அங்க இருக்கறப்ப வேண்டியிருக்கும்ல. ஒரு ரொட்டியைப் பேப்பர்ல சுத்திக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லுவான்னு நினைச்சேன். வாங்கிக்கிட்டா. ஆட்டோவில மடியில வெச்சுக்கிட்டா, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு.

ஆட்டோ போனப்புறம் பாக்கறேன், அவகிட்ட இருக்கற வீட்டுச் சாவி பிரிட்ஜ் மேல இருக்கு. மறந்துட்டா. எடுத்துக்கிட்டு முக்கு வரைக்கும் ஓடினேன். இந்த வயசுல எவ்வளவு ஓட முடியும்? ஆட்டோ சிக்னல் தாண்டிப் போயிடுச்சு. அவளுக்கு இந்த மறதி எப்பவும் உண்டு. சில்விக்குப் போன் பண்ணி, அம்மா சாவியை விட்டுட்டுப் போயிட்டா, தபால்ல அனுப்பட்டுமான்னு கேட்டேன். சில்வி, “இருக்கட்டும்பா, உங்ககிட்டயே இருக்கட்டும்”னா.

அதுக்கப்புறம் லெயோனி போன்ல வர்றதே இல்லை. சில்விகிட்டக் கேட்டா, “அம்மாவைக் கொஞ்ச நாள் விடுங்கப்பா”ங்கறா. நான் என்ன பிடிச்சுக்கிட்டா இருக்கேன்? அவ அங்க, நான் இங்க. எட்டாயிரம் கிலோமீட்டர்.

வாசனை வருதா? இன்னும் பத்து நிமிஷம்.

பிப்ரவரியில ஒரு புதன்கிழமை, சரியா பன்னெண்டரைக்குப் போன் அடிக்குது. நாந்த் நம்பர். அங்க காலை எட்டு மணி. எடுத்தா, குழந்தை. எலோடி. மேஜையில உக்காந்திருக்கு. போனை எதுமேலயோ சாய்ச்சு வெச்சிருக்காங்க. புதன்கிழமை அதுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. சில்வியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போயிட்டாங்க. அப்ப போன் போட்டுக் குடுத்தது யாரு? லெயோனிதானே. ஆனா படத்துல அவ இல்லை. பின்னாடி குழாய்ச் சத்தம் கேக்குது. பாத்திரம் வெக்கற சத்தம் கேக்குது.

குழந்தைக்குத் தமிழ் வராது. லெயோனி கான்வென்ட்ல பிரெஞ்சு படிச்சவ, அவளும் அதுகிட்டப் பிரெஞ்சுதான். தமிழ் சொல்லிக் குடுன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். சொல்லிக் குடுக்கலை. எனக்கு வணக்கத்துக்கு போன்ழூர், நன்றிக்கு மெர்சி, அதுக்கு மேல தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம். அது கையில ஒரு துண்டு ரொட்டி. என்கிட்டயும் அன்னைக்குப் போட்டது இருந்தது. நானும் ஒரு துண்டை எடுத்துக் காட்டினேன். அது கடிச்சுது. நான் கடிச்சேன். அது என்னைப் பாத்துக்கிட்டே மென்னுது. நானும் மென்னேன். இருபத்திரண்டு நிமிஷம் சார். வெச்சப்புறம் போன்ல காட்டுச்சு.

அடுத்த புதன் மறுபடி. அதுக்கடுத்த புதன் மறுபடி. ஒரு புதன் சொதப்பிட்டா என்ன பண்றது, அதுக்காகத்தான் மத்த நாளும் போட்டுப் பாக்கறேன். காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. மிஞ்சறதை வாசல்ல வெச்சா யாராவது எடுத்துக்கறாங்க. விக்கறதில்லை. யூனிட் ஏறினது இதனாலதான். ‘சொந்த உபயோகம்’னு எழுதிக்குங்க.

அது சாப்பிடறதைப் பாக்கணுமே நீங்க. சாக்லேட் பால்ல முழுக் கையையும் விட்டுத் தோய்க்குது. மேஜையெல்லாம் ஒழுகுது. ரொட்டி உள்பக்கத்தைத் தோண்டித் தின்னுட்டு, தோலைப் பொம்மை வாயில திணிக்குது. எனக்குச் சொல்ல வாய் வரைக்கும் வந்துடும். ஆனா பிரெஞ்சுல அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியாது. அதனால பாத்துக்கிட்டு இருந்துடறேன். போன வாரம் அது பொம்மையைக் கேமரா கிட்டக் கொண்டு வந்து, எனக்கும் ஒரு தோலைத் திணிச்சுது. போன் பூராப் பாலு.

கலா சொல்லுச்சு, “பேத்திகூடப் பேசணும்னா பிரெஞ்சு கிளாஸ் போங்கண்ணே, பெரியவங்களுக்கும் நடத்தறாங்க”ன்னு. நல்ல யோசனைன்னு போய் பாரம் வாங்கிட்டு வந்தேன். பேரு, வயசு, விலாசம் வரைக்கும் எழுதினேன். ‘எதற்காகக் கற்க விரும்புகிறீர்கள்’னு ஒரு கேள்வி இருந்தது. அங்க வந்து பேனா நின்னு போச்சு. அப்புறம் பாரத்தை மடிச்சுப் பைபிளுக்குள்ள வெச்சுட்டேன். சேரலை. ஏன் சேரலைன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை சார். வேண்டாம்னு பட்டுது.

ஆச்சு, எடுத்துடலாம். தள்ளிக்குங்க. பாத்தீங்களா நிறத்தை? பேசாம இருங்க ஒரு நிமிஷம். கேக்குதா? அதான் அந்தச் சத்தம். இந்த ஒண்ணு உங்களுக்கு. இல்லை, லஞ்சம் இல்லை, ரொட்டி. ஆறினப்புறம் சாப்பிடுங்க.

மணி என்ன, பன்னெண்டு இருபத்தொம்பதா? இன்னைக்குக் கிழமை தெரியும்ல உங்களுக்கு. ஒரு உதவி பண்ணுங்க, அந்த ஸ்டூலை இப்படி நகத்திட்டு அந்த மூலையில உக்காருங்க. இந்தப் பக்கம் இருந்தா படத்துல தெரிவீங்க, குழந்தை மிரண்டுடும். ரிப்போர்ட்டை அப்புறமா எழுதுங்க. பேனா சத்தம்கூட அதுல கேக்கும்.

போன் அடிக்குது. பேத்தி வந்துட்டா.

இல்லை சார், நீங்க வெளிய போக வேண்டாம். நாங்க ஒண்ணும் பேசிக்க மாட்டோம். சாப்பிடுவோம், அவ்வளவுதான்.